சிரிப்பு அத்தியாயத்துக்காகச் சம்பந்திகள் பொருத படலம்

"விடுங்க சம்பந்தி, நான்தான் முதல்ல..."

"எங்க முதல்ல? நான் கை வச்சதுக்கு அப்புறம்தானே நீங்க..."

"நான் காலைலயே வந்து பார்த்து வச்சுட்டுப் போனேன்."

"பார்த்து வச்சா ஆச்சா? அப்படிப் பார்த்தா நகைக்கடைல பாதி என்னோடது."

"மெதுவாப் பேசுங்க, லைப்ரரி."

"மெதுவாத்தான் பேசறேன். நீங்க இழுக்காம இருந்தா நான் ஏன் பேசப் போறேன்?"

"நான் எங்க இழுக்கறேன்? பிடிச்சிட்டிருக்கேன்."

"சரி. நானும் பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்."

வாழ்க குரலாள். பேருந்து நிலையத்துக் கண்ணாடிக் கூண்டில் ஒலிவாங்கியே செங்கோலாக, காலொடிந்த நாற்காலியே அரியணையாக வீற்றிருந்து, புறப்படும் வண்டிகளையும் புறப்படுவதாகப் பாசாங்கு செய்யும் வண்டிகளையும் ஒரே தொனியில் ஆண்டுவரும் அறிவிப்புப் பெருந்தேவி வாழ்க. ஊரார் செவிதோறும் குடியிருந்தும் ஒருவர் கண்ணிலும் படாதவள், தொலைந்த பிள்ளைகளைத் தாய்மாரிடம் சேர்ப்பித்தும் ஒரு தாயாலும் இன்னாரென்று அறியப்படாதவள், நெரிசலில் நின்று "கொஞ்சம் வழி விடுங்க" என்று வாய் திறந்தால் போதும், வழியிலிருப்போர் அனைவரும் தத்தம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வண்டியைத் தேடி ஓடச் செய்பவள் வாழ்க, வாழ்க.

திரைச்சீலைத் தாயே, நீயும் வந்து காப்பாய். கயிற்றை இழுத்தால் பாதியில் சிக்கிக்கொள்பவளே, இழுக்காத வேளையில் தானே விழுந்து, செத்துக் கிடக்கும் அரசனைத் திரைக்கு வெளியே தனியாக விட்டுவிடுபவளே, அவன் எழுந்து நடந்து உள்ளே வருவதைப் பார்த்துச் சபை சிரிக்கக் காரணமானவளே, இந்தப் பெரும்போரை நான் சிக்காமல் சிதறாமல் சொல்லி முடிக்க அருள்வாய்.

நூலக அலமாரிக்கு இப்பால் நின்றவள் இக்குரலாள் என்றால், அப்பால் நின்ற எதிரி யார்? எளியவளோ என்றால், அல்லள். பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசிலையே ஆரமாகப் பூண்டவள். அவள் ஊதினால் ஓடுகிற குதிரை நிற்கும், நிற்கிற தலைமையாசிரியர் ஓடுவார். நாடகக் குழுவினர் அவளை முகத்துக்கு முன்னே "டீச்சர்" என்றும் முதுகுக்குப் பின்னே "விசிலாள்" என்றும் வழங்குவர். குரலாளின் ஒரே மகளை விசிலாளின் ஒரே மகன் கைப்பிடித்த நாள்முதல் இவ்விருவரும், பாப்பா என்னும் ஒரே பேத்திக்குப் பாட்டிகளான பின்பும், சம்பந்திகள். ஆகையால் இப்போர் முழுவதும் மரியாதைப் பன்மையிலேயே நடந்தாக வேண்டியிருந்தது. பகைவரை "வாடா" என்று அறைகூவலாம், "போடி" என்று புறங்காணலாம். சம்பந்தியை "வாங்க, உட்காருங்க, விடுங்க" என்றுதான் வெட்ட வேண்டும். உலகின் கொடிய போர்முறை இதுவென்று அறிந்தோர் அறிவர்.

இருவரும் ஒரே அமெச்சூர் நாடகக் குழுவில் ஆண்டுகளாக இருந்துவந்தார்கள். எப்படி இருந்தார்கள் என்பதில்தான் ஏற்றத்தாழ்வு. விசிலாள் அங்கே கட்டாத வேடம் இல்லை. அரசியன்னை அவளே, நீதிபதி அவளே, கொடுமைக்கார மாமியார் அவளே, ஆள் போதாத ஆண்டில் மீசை ஒட்டிக்கொண்ட படைத்தளபதியும் அவளே. குரலாளுக்கோ வாய்த்தது எல்லாம் அசரீரி. பக்கவாட்டுத் திரையின் இருளில் நின்று அவள் இடியானாள், மழையானாள், தூரத்துக் குதிரையானாள், பிறக்கும் குழந்தையும் இறக்கும் கிழவனுமானாள். நாடகம் முடிந்து வீடு திரும்பும்போது மகள் ஆசையாய்க் கேட்பாள்: "இன்னிக்கு எந்த நாய் நீம்மா? முதல்ல குரைச்சதா, பின்னால ஊளையிட்டதா?"

இடியைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். இடி என்பது ஆளுயரத் தகரத் தகடு. விளிம்பைப் பிடித்து உலுக்கினால் வானம் பிளக்கும். உலுக்குவது எளிது, நிறுத்துவது அரிது. கண் இமைத்தாலும் உறுமும் பிசாசு அது. நாடகம் முடிந்து கைதட்டல் எழும் அந்தப் பொன்னான கணத்தில், மற்றவரெல்லாம் வெளிச்சத்துக்கு ஓடிக் கைகூப்பிக் குனிந்து நிமிர, குரலாள் மட்டும் இருளில் நின்று, கைதட்டலுக்கு நடுவே இடி இடித்துவிடாதபடி அந்தத் தகரத்தை இரு கையாலும் மார்போடு இறுக்கி, மூச்சையும் அடக்கிக்கொள்வாள். கைதட்டலோசை என்பது அவள் கைகளுக்குத் தெரிந்தவரை ஒரே கட்டளை: பிடி, அசையாதே, விட்டுவிடாதே.

இப்படியிருக்கையில் குழுவின் இயக்குநர், பகலெல்லாம் மின்விசிறி பழுதுபார்த்து மாலையில் மனிதரைப் பழுதுபார்ப்பவர், ஏணியின் மூன்றாம் படியில் ஏறி நின்று புது நாடகத்தைப் பிரகடனம் செய்தார். "நாட்டையும் பறிகொடுத்து நகையையும் பறிகொடுத்த பேரரசி கடைசியா ஒரு சிரிப்பு சிரிக்கணும். கடைசி வரிசைல உக்காந்திருக்கிறவனுக்கு முதுகு சிலிர்க்கணும். நாளன்னைக்குச் சாயந்திரம் யாரு அப்படிச் சிரிக்கிறாங்களோ அவங்கதான் பேரரசி. சீனியர், ஜூனியர் பேச்செல்லாம் கிடையாது."

பேரரசி. நடு மேடை. மேலே விளக்கு. முகத்தில் வெளிச்சம். முன்வரிசையில் மகள் உட்கார்ந்து பக்கத்து இருக்கைக்காரியை முழங்கையால் இடித்து "அதோ எங்கம்மா" என்று சொல்லும் ஒரு சொல்லுக்காகக் குரலாளின் நெஞ்சம் கார்முகிலைக் கண்ட மயிலாய் ஆடியது. ஆடிய மயில் கண்ணாடிமுன் நின்று சிரித்துப் பார்த்தது. அந்தோ, என்னென்று இயம்புவேன்! ஆண்டாண்டாய் அறிவித்த நாவன்றோ? "ஹா" என்றாள். இடைவெளி விட்டாள். தெளிவாக மீண்டும் "ஹா" என்றாள். மூன்றாம் நடைமேடையிலிருந்து சிரிப்பு இன்னும் சற்று நேரத்தில் புறப்படும், பயணிகள் ஏறிக்கொள்ளவும் என்பதுபோல் இருந்தது.

விசிலாளின் சிரிப்போ வேறு விதம். கிளம்பும்போது கம்பீரமாய்க் கிளம்பி, முடியும்போது தன்னையறியாமல் "அட்டென்ஷன்" போல் முடிந்தது. ஒத்திகையில் அவள் சிரித்து முடித்ததும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் உட்பட எல்லாரும் விறைத்து நின்றார்கள். ஒருவருக்கும் முதுகு சிலிர்க்கவில்லை, நிமிர்ந்தது.

ஆகவே மறுநாள் இருவரும், ஒருவர் அறியாமல் மற்றவர், ஒரே மருந்தைத் தேடி ஒரே மலைக்குப் புறப்பட்டார்கள். மலை, நூலகம். மருந்து, செங்கல்.

செங்கல் என்று குழுவினர் செல்லமாய் அழைக்கும் அந்தப் பெருநூலின் மாட்சியைக் கேளுங்கள். செங்கல் நிற அட்டை, செங்கல் கனம், தலையணையாக வைத்தால் செங்கல் சுகம். நாடகக் கலையின் வரலாறு முழுவதும் அதற்குள் கொலுவிருந்தது. வாய் பிளந்த முகமூடிக்குள் நின்று மலைச்சரிவு நிறைந்த சபைக்குக் கேட்கப் பேசியவர்களும், மேடை விளிம்பில் வரிசையாய் எரிந்த எண்ணெய் விளக்குகளில் பாவாடையைப் பற்றவிட்டு அணைத்தபடியே வசனம் சொன்னவர்களும், மேடைத் தரையில் திறக்கும் பொறிக்கதவு வழியே தேவனாய்த் தோன்றப் போய் இடுப்போடு சிக்கி, பாதித் தேவனாகவே காட்சியை முடித்தவர்களும் அதன் ஏடுகளில் வாழ்ந்தார்கள். விழுவது எப்படி, வாளேந்தி மூக்கைச் சொறிவது எப்படி, செத்தபின் தும்மல் வந்தால் செய்வது என்ன, எல்லாம் படம் போட்டு விளக்கப்பட்டிருந்தது. "மேடையில் முத்தம்" என்ற அத்தியாயத்தை யாரோ கிழித்துப் போயிருந்தார்கள். "மேடையில் அழுகை" என்ற அத்தியாயத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் "வரல" என்று எழுதியிருந்தார்கள். அதற்கு அடுத்தது, பயிற்சிகளோடு, மூச்சுக் குறிகளோடு, "மேடையில் சிரிப்பு".

ஊரில் இருந்தது ஒரே செங்கல். அது இருந்த அலமாரிக்கோ முதுகுப்பலகை இல்லை. இந்தப் பக்கம் நின்றாலும் எடுக்கலாம், அந்தப் பக்கம் நின்றாலும் எடுக்கலாம். விதி என்பது தச்சனிடமும் வேலை வாங்கும்.

இந்தப் பக்கம் குரலாள் கை நீட்டினாள். அந்தப் பக்கம் விசிலாள் கை நீட்டினாள். புத்தகத்தின் முதுகு ஒருத்தியின் பிடியில், ஏடுகளின் விளிம்பு மற்றொருத்தியின் பிடியில். மேல்தட்டு இடைவெளியில் நான்கு கண்கள் சந்தித்தன. "சம்பந்தி" என்று இரு வாய்களும் ஒருங்கே மலர்ந்தன. கைகள் மலரவில்லை.

பாற்கடல் கடைந்த கதையை இனி யாரும் பெரிதாய்ப் பேச வேண்டாம். அங்கே மலையொன்று மத்தாய்ச் சுழன்றது, பாம்புக்கு வலித்தது. இங்கே செங்கல் இரு புறமும் போய் வந்தது, அலமாரிக்கு வலித்தது. செங்கலின் அண்டை அயலில் குடியிருந்த மெலிந்த நூல்கள் காலாட்படைபோல் முதலில் மாண்டன. ஒப்பனைக் கையேடு ஒன்று குப்புற விழுந்தது. ஓரங்க நாடகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்தன. வழிதவறி அங்கே வந்து சேர்ந்திருந்த தேனீ வளர்ப்பு நூல், தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத போரில் விளிம்பிலிருந்து உருண்டு உயிர்நீத்தது.

இப்போரின் பெருங்கொடுமையை இன்னும் சொல்லவில்லை. நூலகமாதலால் இருவரும் கிசுகிசுத்தார்கள். ஆனால் எப்படிக் கிசுகிசுத்தார்கள்? மேடையில் சொல்லும் ரகசியம் கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டும் என்பது அவர்கள் குழுவின் முதல் பாடம். ஆண்டுக்கணக்கில் அதைப் பயின்ற இரு தொண்டைகளுக்கும் வேறு விதமாய்க் கிசுகிசுக்கத் தெரியாது. மிக மிக மெதுவாய், மிக மிக அந்தரங்கமாய், அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பியது. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள் பேனாவை மூடினார்கள். நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் பக்கத்தைத் திருப்ப மறந்தார். நூலகர் பென்சிலால் மேசையை டொக்கென்று தட்டினார். சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் கண்டிப்போடு பார்த்து, "பாருங்க, உங்களாலதான்" என்று கிசுகிசுத்தார்கள். அதுவும் எதிர்ச்சுவர் சேர்ந்தது.

முதல் வியூகம் விசிலாளுடையது. கயிறிழுப்புப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயாரித்த கை அது. குதிகாலை ஊன்றினாள், இடுப்பைத் தாழ்த்தினாள், "ஒன், டூ" என்று மூச்சுக்குள் எண்ணி மூன்றாவதை வாயால் சொல்லாமல் தோளால் சொன்னாள். செங்கல் அவள் பக்கம் ஒரு சாண் பாய்ந்தது. குரலாளின் முன்கை, வளையல் வரை, அலமாரிக்குள் போயிற்று.

"பிள்ளையப் பெத்தவ கேக்கறேன் சம்பந்தி," என்றாள் விசிலாள், வெற்றிமுரசின் மேல் தேன் தடவி. "ஒரு பேச்சுக்காவது விட்டுக்குடுக்கலாம்ல?"

குரலாளின் நெற்றியில் வேர்வை முத்துக் கோத்தது. எத்தனை விட்டுக்கொடுத்தாள் அவள்! பந்தியில் முதல் இலையை விட்டாள், காரில் ஜன்னலோர இருக்கையை விட்டாள், குடும்பப் படத்தில் நடுவிடத்தை விட்டுவிட்டு ஓரத்துத் தூணோடு தூணாய் நின்றாள். அத்தனையும் அணிவகுத்து வந்து அவள் முழங்கையில் இறங்கின.

"பொண்ணக் குடுத்தாச்சு சம்பந்தி," என்றாள். "புஸ்தகத்தையும் குடுக்கணுமா?"

தேர்வுக்குப் படிப்போர் வரிசையில் யாரோ "அப்படிப் போடு" என்றார்கள். பென்சில் மறுபடியும் டொக்கென்றது.

இரண்டாம் வியூகமாய் விசிலாள் மாயப்போரில் இறங்கினாள். முகம் சுண்டிற்று, உதடு துடித்தது, ஒரு கை புத்தகத்தில் இருக்க மறு கை இடுப்புக்குப் போனது. "அம்மா," என்று முனகினாள். "இடுப்பு சம்பந்தி. பிடிச்சிடுச்சு. கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து தாங்குங்க."

சபையாயிருந்தால் உருகியிருக்கும். முன்னாலிருந்து பார்ப்பவருக்குத்தான் அது வலி. குரலாளோ எல்லா நாடகத்தையும் பக்கவாட்டிலிருந்தே பார்த்தவள். எந்தக் காலில் பாரம் போடுகிறாள், எப்போது கண்ணோரத்தால் சபையைக் கணக்கெடுக்கிறாள் என்பதெல்லாம் பக்கத்துத் திரையிலிருந்து பார்த்தால் தண்ணீர்பட்ட பாடு.

"போன நாடகத்துல மாமியார் செத்துப்போற சீன்ல வந்ததே, அதே இடுப்புதானே?" என்றாள். "அப்ப வலதுபக்கம் வலிச்சுது."

விசிலாள் கையை வலப்பக்கத்துக்கு மாற்றினாள். பிறகுதான் தான் செய்தது என்னவென்று உணர்ந்து, நாணத்தை வெகுளியாய் மாற்றி மீண்டும் இழுத்தாள்.

இப்போது குரலாள் தன் ஆயுதசாலையைத் திறந்தாள். வில்லில்லை, வேலில்லை. நாக்கை மேலண்ணத்தில் வைத்து மெல்ல எடுத்தாள்: டொக்கு டொக்கு, டொக்கு டொக்கு. தூரத்துக் குதிரை. எத்தனை இரவுகள் அரசியன்னையாய் நின்ற விசிலாள் அந்தக் குளம்போசை கேட்டதும் இடப்பக்கம் திரும்பி, கண்ணுக்கு மேல் கை வைத்து, "அதோ, என் மகன் வருகிறான்" என்று சொல்லியிருக்கிறாள்! பழகிய கழுத்து என்ன செய்யும்? திரும்பிற்று. இடப்பக்கம் நாளிதழ்ப் பெரியவர்தான் இருந்தார். அந்த இமைப்பொழுதில் செங்கல் ஒரு சாண் குரலாள் பக்கம் வந்தது.

"சீ, ஏமாத்தறீங்க," என்றாள் விசிலாள்.

"உங்க மகன் வரலையா?" என்றாள் குரலாள்.

சாணுக்குச் சாண் சரியாயிற்று. செங்கல் அலமாரியின் நட்டநடுவில் நின்று நடுங்கிற்று. இரு வீராங்கனைகளும் புருவத்தில் புருவம் கோத்து, பல்லில் பல் பதித்து, உலகம் தொடங்கிய நாள்முதல் அப்படியே நின்றவர்கள்போல் நின்றார்கள். மேலே மின்விசிறி சுழல மறந்தது, அல்லது மின்சாரம் போயிற்று. காற்று நின்றது. காற்று நின்றால் யார் வருவார்? கொசு வரும்.

வந்தது. வாழ்க அந்த நுண்ணுடல் வேந்தும். இறகு இரண்டே படையாக, மூக்கே வேலாக, முழக்கமே முரசாக எழுந்து, படிப்போர் காதுகளை வலம்வந்து, நாளிதழ்ப் பெரியவரின் நெற்றிக்கு நேரே ஒரு கணம் நின்று நிதானித்தது. பெரியவர் நாளிதழை மடியில் வைத்தார். இரு கைகளையும் அகல விரித்தார்.

தட்டினார்.

ஒரே தட்டு. மோனத்தில் ஆழ்ந்திருந்த அந்த மண்டபத்தில் அது ஆயிரம் பேர் தட்டியதுபோல் முழங்கியது. கொசு தப்பியது. விசிலாள் தப்பவில்லை. வெளிச்சத்தில் வளர்ந்த கைகள் அவை. ஓசை செவிப்பறையைத் தொட்ட மாத்திரத்தில், மூளையைக் கேளாமல், முறை கேளாமல், செங்கலை விட்டுக் குவிந்தன. தலை தாழ்ந்தது. இதழில் அடக்கமான புன்னகை ஒன்று அரும்பிற்று. இடப்பக்கம் ஒரு வணக்கம், வலப்பக்கம் ஒரு வணக்கம், மாடி இருக்கைகளுக்கு ஒரு வணக்கம். மாடி இருக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் அகராதிகள் அடுக்கியிருந்தன.

குரலாளின் கைகளும் அந்த ஓசையைக் கேட்டன. அவை குவியவில்லை. ஒருநாளும் குவிந்து பழகாதவை. தட்டும் ஓசை கேட்டால் அவற்றுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பிடித்தன. பாறையைப் பற்றும் உடும்பாய், தாயைப் பற்றும் குரங்குக்குட்டியாய், இடியை அடக்கும் தகரக்காரியாய், இறுக்கிப் பிடித்தன.

எதிர்ப்புறம் பிடியற்றுப்போன செங்கல், இழுத்த இழுப்புக்குத் தடையின்றி விண்ணென்று பாய்ந்து வந்தது. குரலாள் பின்னோக்கிப் பறந்தாள். பழைய நாளிதழ்க் கட்டுகளின் மேல் அமர்ந்தாள், அமர்ந்தாள் என்பது மரியாதைக்காகச் சொன்னது. கால் இரண்டும் வானம் பார்க்க, செருப்பு ஒன்று புவியியல் பகுதிவரை போக, செங்கலை மார்போடு அணைத்தபடி நிமிர்ந்து பார்த்தாள். புத்தகம் இருந்த இடம் இப்போது சதுரச் சாளரமாய்த் திறந்திருந்தது. அந்தச் சாளரத்தின் வழியே, இன்னும் கைகூப்பி, இன்னும் கண்மூடி, தன் சம்பந்தி அகராதிகளுக்கு அருள்பாலித்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

அப்போது அது வந்தது.

எங்கிருந்து வந்தது என்று எந்த அத்தியாயமும் சொல்லாது. முதலில் தோள் குலுங்கிற்று, பிறகு தொண்டைக்குள் ஊற்றொன்று குமிழியிட்டது, பிறகு அணை உடைந்தது. இடைவெளி இல்லை, நடைமேடை எண் இல்லை, பயணிகளின் கவனத்துக்கு ஏதும் இல்லை. தூண் ஓரத்தில் நின்ற ஆண்டுகளும், நாயாய்க் குரைத்த இரவுகளும், விட்டுக்கொடுத்த ஜன்னல்களும் ஒன்றோடொன்று கைகோத்துச் சிரித்தன. எல்லாம் பறிபோனபின்னும் பறிக்க முடியாத ஒன்று தன்னிடம் இருப்பதை இப்போதுதான் கண்டுகொண்டவளைப்போல் அவள் சிரித்தாள். அது கூரையில் ஏறி, அலமாரிகளின் மேல் நடந்து, கடைசி மேசையில் கன்னத்தில் கைவைத்து உறங்கிய ஒருவரை எழுப்பி உட்காரவைத்தது. அவர் எதற்கென்று தெரியாமல் தம் புறங்கழுத்தைத் தடவிக்கொண்டார். நூலகர் பென்சிலை ஓங்கினார். ஓங்கிய பென்சில் ஓங்கியபடியே நின்றது.

விசிலாள் கண் திறந்தாள். குவித்த கைகளைப் பார்த்தாள். வெறும் கைகள். சாளரத்தின் வழியே சிரிப்பைக் கேட்டாள். அவள் எதிரியாயினும் நடிகை. ஒரு வேடம் ஒருத்தியின் மேல் வந்து இறங்கும்போது எப்படி ஒலிக்கும் என்று அறிந்தவள். செங்கலை இனிப் பறித்தும் பயனில்லை, படித்தும் பயனில்லை என்பது அவளுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. நாளை மாலைச் சிரிப்புத் தேர்வுக்குப் பின் விளக்கு யார் முகத்தில் விழும் என்பதும் விளங்கிவிட்டது. புடவையை உதறிச் சரிசெய்தாள். விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கி, குரலாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிரும்வரை நாகரிகமாய்க் காத்திருந்தாள். பிறகு புத்தகம் இருந்த இடத்தில் முகத்தை வைத்து, மேடைக் கிசுகிசுப்பு இல்லாமல், பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்காத வீட்டுக் குரலில் சொன்னாள்:

"நாளைக்குப் பசங்க ரெண்டு பேரும் வேலைலேர்ந்து வர லேட்டாகுமாம் சம்பந்தி, சாயந்திரம் பாப்பாவ யாரு பாத்துக்கிறது?"